பதில் சொல்லாத கோர்ட்டு

வக்கீல் ஆபீஸில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, போன கூட்டத்தில் உங்களிடம் ஒன்று கேட்டேன். கோர்ட்டில் நாம் எதற்கு அதிகமாகப் பயப்பட வேண்டும்? ஒரு தம்பி ‘தோற்றுப்போவதற்கு’ என்றார். இன்னொருவர் ‘தவணைத் தேதியை மறப்பதற்கு’ என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். இரண்டுக்கும் பயப்படலாம், தப்பில்லை. ஆனால் தோற்றால் கையில் ஒரு தீர்ப்பாவது இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மேல் கோர்ட்டுக்கு ஓடலாம். ஜெயித்தாய் என்றும் சொல்லாமல், தோற்றாய் என்றும் சொல்லாமல், கோர்ட்டே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

எனக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. வேலையை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்தால் நாற்காலியில் உட்கார்ந்து பேச முடிவதில்லை, எழுந்து நின்றுவிடுகிறேன். அதனால்தான் கூட்டத்தில் பாதியில் நிறுத்தினேன். முழுக்க இங்கே எழுதுகிறேன்.

பாலம் கட்டி முடித்து, ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு ரயில் ஓட ஆரம்பித்திருந்த புதிது. எங்கள் ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. எங்கள் லாயர் யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் படித்தவர். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். யோசனை வந்தால் அவரால் உட்கார முடியாது. பலகைத் தரை அதிர அதிர நடப்பார். கீழே துணி அளந்துகொண்டிருக்கும் முதலாளி தலையை நிமிர்த்தி, “மேலே பெரிய கேஸ் வந்திருக்கு போல” என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார்.

ஒரு நாள் காலையில் ஒரு மலாய்க்கார அம்மா படியேறி வந்தார். முப்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“லாயர் துவான் இருக்காங்களா? என் பேரு மைமுனா. லத்தீப் என் புருஷன். மாத்தா-மாத்தா பிடிச்சு உள்ளே வெச்சிருக்காங்க. காசிம் நானாவையும் சேர்த்து.”

மாத்தா-மாத்தா என்றால் போலீஸ், துவான் என்றால் ஐயா. கடைத்தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் ஆணி அடித்த மாதிரி விழுந்தது. ஜொகூர் ஆற்றின் மேற்பக்கம் ஓர் ஊரைச் சொன்னார். அந்த ஊரின் பெயர் உங்களுக்கு வேண்டாம். அப்போது அங்கே லாஞ்ச் ஏறித்தான் போக வேண்டும். படகுத்துறைக்குப் பக்கத்தில் லத்தீபும் காசிமும் கூட்டாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார்கள். இருவரும் தமிழ் முஸ்லிம்கள். லத்தீபின் தங்கையை ஊரில் காசிம் கட்டியிருந்தார், அதனால் மச்சான் முறை. மைமுனாவுக்கு அவர் நானா, அதாவது அண்ணன். இங்கே வந்த இடத்தில் லத்தீப் மைமுனாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

“எப்போ பிடிச்சாங்க?” என்றேன்.

“நோன்பு ஆரம்பிச்சப்போ. ஹரி ராயாப் பெருநாளும் வந்து போயாச்சு. புதுச் சட்டை தெச்சு வெச்சேன், பெட்டியிலேயே கிடக்கு.”

“என்ன கேஸ்?”

“கேஸே இல்ல லா! ஒரு மனுஷனைக் காப்பாத்தினாங்க, அதான் கேஸ்!”

நடந்தது இதுதான். ஆற்றுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன், அதாவது ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவன், கருப்பன், இருபத்தைந்து வயசுப் பையன். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் ஒரு நாள் விடிகாலைப் பெரட்டுக்குப் போகவில்லை. பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவது. தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரர், ஆட்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து தடியால் அடித்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து தொங்கியது. கருப்பன் ஆற்றங்கரையோடு ஓடி, மளிகைக்கடையில் வந்து விழுந்தான். லத்தீபும் காசிமும் கடையைச் சாத்திவிட்டு, அவனைத் தங்கள் படகில் போட்டு ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊர் திரும்பியபோது படகுத்துறையில் போலீஸ் நின்றது. தோட்டத்துக் கூலியாளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் அது லேசான குற்றமில்லை.

இதற்குள் லாயர் உள் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். “கோர்ட்டிலை எப்ப கூப்பிட்டவை?” என்றார்.

“கூப்பிடவே இல்ல துவான். நான் போய்க் கேட்டா ‘பேசோ’ன்னு சொல்றாங்க. நாளைக்காம். மறுநாள் போனா இன்னொரு பேசோ.”

அந்த ஊர் மஜிஸ்திரேட்டும் வெள்ளைக்காரர், சின்ன வயசு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர்தான். சாயங்காலம் போய் உட்கார்ந்து பேச மேனேஜர் பங்களா ஒன்றுதான் இருந்தது, ஐஸ் கிடைத்ததும் அங்கே மட்டும்தான். வழக்கை எடுத்தால் கருப்பனின் கை கோர்ட்டுக்கு வரும், கையை ஒடித்தது யார் என்ற கேள்வி வரும். எடுக்காமலே விட்டால் யாருக்கும் தொந்தரவில்லை, உள்ளே இருக்கும் இரண்டு பேரைத் தவிர.

தரை அதிர ஆரம்பித்தது. அன்றைக்கே மனு தயாரானது. வழக்கை விசாரியுங்கள், இல்லாவிட்டால் ஜாமீனில் விடுங்கள். இவ்வளவுதான் கேட்டோம். நான் லாஞ்சில் போய்க் கொடுத்தேன். அங்கிருந்த கோர்ட்டு கிராணி நல்ல மனிதர், பயந்த மனிதர். வாங்கி மேஜையில் வைத்தார்.

“துவான் பார்ப்பாரா?”

“பார்ப்பார்.”

மறுபடி போனேன். “பார்த்தாரா?”

“பார்த்தார்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலை.”

“தள்ளிட்டாரா?”

“ஐயோ, தள்ளலையே! அங்கேயேதான் இருக்கு, பாருங்க.” மேஜையைக் காட்டினார். மனு இருந்தது, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டும் இருந்தது.

லாயர் மேல் கோர்ட்டுக்குப் போனார். அங்கே கேட்டார்கள்: அப்பீல் எதை எதிர்த்து? கீழ்க் கோர்ட்டு உத்தரவு எங்கே? உத்தரவே இல்லாமல் எதை மாற்றுவது? சட்டப் புத்தகத்தை நன்றாகப் படித்த தம்பிகள், வேறு மனு போட்டு மேல் கோர்ட்டே நேராகத் தலையிட வைக்கலாமே என்பீர்கள். அதையும் போட்டோம். மஜிஸ்திரேட் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது, அதோடு அது நின்றது.

அன்றைக்கு லாயர் கத்தியது கீழே துணிக்கடையைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும். “எனக்கு ஒரு ‘ஏலாது’ வேணும்! அந்த மனுசனிட்டை இருந்து ஒரேயொரு ‘ஏலாது’ வாங்கித் தா, மிச்சத்தை நான் பார்க்கிறன்!” முடியாது என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வார்கள். உலகத்தில் எல்லோரும் ‘சரி’ என்ற வார்த்தையைக் கேட்கத்தான் கோர்ட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் ஒரு ‘முடியாது’க்காக அலைந்தோம்.

வழி எதிர்பாராத பக்கத்திலிருந்து திறந்தது. இன்னொரு மனு எழுதும்போது மைமுனாவிடம் இருவருக்கும் சொந்த ஊர் எது என்று கேட்டேன். லத்தீப் நாகூர், காசிம் வாஞ்சூர் என்றார். நாகூருக்கும் வாஞ்சூருக்கும் நடுவில் நடந்தே போய் வரலாம். நான் சாதாரணமாக எழுதிக்கொண்டிருந்தேன். லாயர் நடப்பதை நிறுத்தினார்.

“வாஞ்சூர் எங்கை கிடக்கு?”

“நாகூரை ஒட்டி ஐயா. காரைக்கால் எல்லை.”

“காரைக்கால் எண்டால் பிரெஞ்சுக்காரன்ர மண்ணெல்லோ!” என்று ஒரே சத்தம். என் பேனா கீழே விழுந்துவிட்டது. “காசிம் பிரெஞ்சுப் பிரஜை! டேய், கோட்டை எடு!”

மைமுனாவையும் கூட்டிக்கொண்டு ரயிலில் சிங்கப்பூர் போகும்போது எனக்கு விளக்கினார். ஒரு நாட்டுக் கோர்ட்டு தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் அது ஒரு விஷயம். வேற்று நாட்டுப் பிரஜை ஒருவனுக்குத் தீர்ப்பே சொல்லாமல், கேட்கவே மறுத்து, கதவைச் சாத்திவைத்தால் அது வேறு விஷயம். நீதி மறுப்பு என்று அதற்குப் பெயர். அப்போது அவனுடைய நாடு வந்து ‘ஏன்’ என்று கேட்கலாம். காசிமுக்கு அப்படிக் கேட்க, பிரெஞ்சு அரசாங்கத்தின் பிரதிநிதியாக ஒரு கான்சல் சிங்கப்பூரில் இருந்தார்.

பிரெஞ்சு கான்சல் எங்களை மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார். பக்கத்தில் அவருடைய துபாஷி நின்றார். புதுச்சேரிக்காரர், அந்துவான் என்று பெயர், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை. கடைப் பெட்டியில் இருந்த காசிமின் பிறப்புச் சீட்டை, வழக்குக்கு உதவும் என்று மைமுனா முதலிலேயே எடுத்துக் கையோடு வைத்திருந்தார். கான்சல் அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு லாயரிடம் கேட்டார்:

“உள்ளூர்க் கோர்ட்டுக் கதவை எல்லாம் தட்டினீர்களா? அது தெரியாமல் நான் நடுவில் வர முடியாது.”

“தட்டினோம். திறக்கவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை.”

கான்சல் மீசையைத் தடவிக்கொண்டார். இவ்வளவு காலம் பேசாமல் இருப்பதும் மறுப்புக்குச் சமம்தான், ஆனாலும் தன் ஆள் நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்றார். அந்துவானை அனுப்புவதாகச் சொன்னார்.

“மற்றவர்?” என்றார் லாயர்.

“எந்த மற்றவர்?”

“அதே கேஸ். அதே லாக்கப். லத்தீப் என்று பெயர். நாகூர்.”

“அவர் பிரிட்டிஷ் பிரஜை. அவருக்காக நான் எப்படிப் பேச முடியும்?” கான்சல் கையை விரித்தார். அவர்மேல் தப்பில்லை, அவர் வேலை அவ்வளவுதான். லத்தீபின் கொடி பிரிட்டிஷ் கொடி. அவரை உள்ளே வைத்திருந்ததும் அதே கொடிதான். யார் போய் யாரை ‘ஏன்’ என்று கேட்பது?

திரும்பி வர ஸ்டேஷனில் நின்றபோது மைமுனா என் முகத்தைப் பார்த்தார். “காசிம் நானாவுக்கு ஒரு துவான் கிடைச்சுட்டார். லத்தீபுக்கு எந்த துவான்?” என்றார். நான் ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

லாயரால் எங்களோடு வர முடியவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது, விட்டுவிட்டு வந்தால் அங்கே ஓர் உயிர் போகும். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நீ போ. ஆனால் நீ கிராணி, லாயர் இல்லை. கோர்ட்டுக்குள்ளை வாய் திறந்தியோ, என்ர தொழில் போச்சு. வெளியிலை என்ன செய்யிறது எண்டதை நீதான் யோசிக்க வேணும். எனக்கு இஞ்ச இருந்து ஒண்டும் தெரியாது.”

லாஞ்சில் நான், அந்துவான், மைமுனா. அந்துவானுக்கு ஆற்றுக்காற்றில் டை பறந்து பறந்து முகத்தில் அடித்தது. அவர் அதைக் கழற்றவில்லை.

தம்பிகளே, நாங்கள் போய் இறங்கியபோது நடந்ததை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். மஜிஸ்திரேட் எங்களை வராந்தாவிலேயே எதிர்கொண்டார். கான்சலின் ஆள் என்றதும் முகம் வெளிறியது, அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்தது. நாற்காலி போடச் சொன்னார், குடிக்க எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்.

“காசிமா? அவர்மேல் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஏதோ தாமதமாகிவிட்டது. இப்போதே அழைத்துப் போங்கள். லாஞ்ச் திரும்புவதற்குள் முடித்துவிடலாம்.”

அந்துவான் என் பக்கம் குனிந்து, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் ‘முஸ்ஸே’ என்று சேர்த்து, தமிழில் சொன்னார்: “முடிஞ்சுது முஸ்ஸே! வந்த வேலை இவ்வளவு சுலபமா முடியும்னு நெனைக்கலை!”

காசிமை இப்படிப் பின்வாசலால் அனுப்பிவிட்டால் கான்சலுக்கு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு லத்தீபைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை. பேசோ, பேசோ என்று அவர் அங்கேயே கிடப்பார். சரி, வேண்டாம் என்று நான் சொல்லலாமா? சொல்ல நான் யார்? உள்ளே கிடப்பது நானில்லை, காசிம். லாயரைக் கேட்க வழியில்லை. லாஞ்ச் துறையில் புகைந்துகொண்டு நின்றது.

“முதலில் அவர்களைப் பார்த்துவிட்டு வரலாமா, துவான்?” என்று மட்டும் கேட்டேன். தாராளமாக என்றார்.

லாக்கப்பில் காசிம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், எலும்பும் தோலுமாக. லத்தீப் ஓயாத வாய்க்காரர், அங்கேயும் பேசிக்கொண்டிருந்தார். காவல்காரனிடம் தோட்டத்து மேனேஜரின் நாய் ஒரு தடவை தன்னைக் கடித்த கதை. மைமுனாவைக் கம்பிக்கு வெளியே பார்த்ததும் கதை பாதியில் நின்றது.

விஷயத்தைச் சொன்னேன். காசிம் சடாரென்று எழுந்து நின்றார். “என்னை விடுறாங்களா? இப்பவேவா?” அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ‘ஆமாம், வாங்க’ என்றுதான் சொல்லத் தோன்றும். பிறகு அவர் லத்தீப் பக்கம் திரும்பினார்.

“போ மச்சான்,” என்றார் லத்தீப். “நீ இருமுற இருமல்ல எனக்குத் தூக்கமே இல்ல. போய்ச் சேரு.”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இரண்டு பேர்மேலும் இருந்தது ஒரே குற்றச்சாட்டு. ஒரே படகு, ஒரே பயணம், ஒரே தாளில் இரண்டு பெயர். காசிமைக் கோர்ட்டு கூடி விடுதலை செய்ய வேண்டுமானால் அந்தக் கேஸைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இரண்டு பெயரையும் கூப்பிட வேண்டும். லத்தீப் ஒரு தடவை கோர்ட்டுக்குள் வந்து நின்றுவிட்டால், அவருக்கு மஜிஸ்திரேட் ஏதாவது ஒன்று சொல்லியே ஆக வேண்டும்!

அதில் இருந்த ஆபத்தைக் காசிமிடம் மறைக்கவில்லை. “நானா, இப்பவே இப்படியே வெளியே வரலாம். இல்லேன்னா கோர்ட்டு கூடி விடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டா அவருக்குக் கோபம் வந்து, உங்களையும் விடமாட்டேன்னு மாறினாலும் மாறலாம். மாறமாட்டார்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீங்கதான் சொல்லணும்.”

காசிம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு இருமல் வந்து போனது.

“நான் மட்டும் ஊருக்குப் போனா, இவன் தங்கச்சி முகத்துல எப்படி முழிக்கிறது? அவ கேக்குற கேள்விக்கு இந்த லாக்கப்பே தேவலை. கேளுங்க கிராணி. கோர்ட்டுலயே கேளுங்க.”

அடுத்தது லத்தீப். கோர்ட்டில் நான் பேசக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர் பேசலாம். “நானா, பேர் கூப்பிட்டதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நான் வீட்டுக்குப் போலாமா, கூடாதா? அவ்வளவுதான்.”

“கருப்பன் கதையைச் சொல்லவா?”

“வேண்டாம்.”

“படகுல தண்ணி ஏறினது?”

“வேண்டாம்.”

“நாய்?”

“நாய் வேண்டவே வேண்டாம்!”

அந்துவான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கு காசிம் ஒருவர்தான் வேலை என்றார். “ஐயா, பின்வாசலால விட்டா நாளைக்கே மறுபடி பிடிக்கலாம். கோர்ட்டு வாயால விட்டா அதே கேஸுல பிடிக்க முடியாது. கான்சல் கிட்ட எது போய்ச் சொல்ல நல்லா இருக்கும்?” என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை, காசிமுக்கும் அதுதான் நல்லது. அந்துவான் டையைச் சரிசெய்துகொண்டு வராந்தாவுக்கு நடந்தார். முறைப்படி கோர்ட்டில் விடுதலை செய்தால் தன் மேலிடம் சந்தோஷப்படும் என்று மிகவும் பணிவாகக் கேட்டார். மஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார், லாஞ்சைப் பார்த்தார். “சரி, ஒரு நிமிஷ வேலைதானே” என்றார்.

கோர்ட்டு கூடுகிறது என்ற செய்தி அந்தச் சின்ன ஊரில் எப்படித்தான் பரவியதோ! கடைவீதி முழுக்க வந்து ஜன்னலில் தொங்கியது. மஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்தார். பயந்த கிராணி தாளை எடுத்தார். சேவகன் வாசலில் நின்று தாளில் இருந்தபடியே கூப்பிட்டான்:

“காசிம்! லத்தீப்!”

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். மஜிஸ்திரேட் இரண்டாவது ஆளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆனால் ஜன்னலில் ஊர், எதிரே பிரெஞ்சுக்காரரின் ஆள். காசிம் விடுதலை என்று சொன்னார். அத்தோடு எழுந்திருக்கப் போனார்.

லத்தீப் வாயைத் திறந்தார். “துவான், தோட்டத்துல ஒரு நாய்…”

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தொடையைக் கிள்ளிக்கொண்டேன். எழுந்து கத்தலாம் போல இருந்தது. மைமுனா என் பக்கத்திலிருந்து இருமினார். அது இருமல் இல்லை, அதட்டல். லத்தீப் திடுக்கிட்டு நிறுத்தினார், எச்சில் விழுங்கினார், மலாயில் கேட்டார்:

“துவான், அதே படகு. அதே நாள். அவர் வீட்டுக்குப் போறார். நான் போலாமா, கூடாதா?”

மஜிஸ்திரேட்டின் கழுத்து சிவந்து, காது சிவந்தது. சரி என்றால் மேனேஜருக்கு என்ன சொல்வது? பேசோ என்றால், ஒருவனை விட்டுவிட்டு ஏன் பேசோ என்று அந்துவான் எழுதிக்கொள்வார். இருப்பது ஒரே வழி.

“தா போலே!” என்று மேஜையைத் தட்டினார். முடியாது. “விடுதலை இல்லை, ஜாமீனும் இல்லை. உள்ளே கொண்டு போ!”

கிராணியின் பேனா அதை எழுதும் கிறீச் சத்தம் என் காதில் விழுந்தது. ஐயோ தம்பிகளே, அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை! என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

மைமுனா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “என் புருஷனை உள்ளே போடுறாங்க, நீ சிரிக்கிறியா? கிலாவா உனக்கு? பைத்தியமா?”

“அம்மா, ‘முடியாது’ன்னு சொல்லிட்டார்! வாயால சொல்லிட்டார்! கோர்ட்டுல சொல்லிட்டார்!” என்று கத்திக்கொண்டே தபாலாபீசுக்கு ஓடினேன். லாயருக்குத் தந்தி. இங்கிலீஷ் எழுத்தில் ‘ஏலாது கிடைத்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். தந்திக்காரர் சந்தேகமாகப் பார்த்தார், ஏதாவது ரகசியச் சங்கேதமா என்று கேட்டார். ஆமாம், சீக்கிரம் அடியுங்கள் என்றேன்.

லாயர் அந்தத் தந்தியைக் கொலை வழக்கு நடந்த கோர்ட்டு வாசலில் வாங்கிப் படித்தாராம். படித்துவிட்டு அங்கேயே ஒரு குதி குதித்தார் என்று பிறகு மற்ற கிராணிகள் சொன்னார்கள்.

இந்த முறை மேல் கோர்ட்டில் ‘உத்தரவு எங்கே’ என்று யாரும் கேட்கவில்லை. உத்தரவு முன்னாலேயே இருந்தது. ஒரே குற்றத்தில் ஒருவனை விட்டுவிட்டு இன்னொருவனை வைத்திருப்பதற்கு என்ன காரணம் என்று நீதிபதி கேட்டார், எதிர்த்தரப்பு மேனேஜர் எழுதிக் கொடுத்த புகாரைத்தான் காட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து கருப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தோம். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு கூண்டில் ஏறினான்.

“உன்னை இவர்கள் வேலையை விட்டு வரச் சொன்னார்களா?” என்று நீதிபதி கேட்டார்.

“யாரும் என்னைக் கிளப்பலைங்க தொரை. நாந்தான் ஓடியாந்தேன். இவுங்க படகு இல்லேன்னா கைய வெட்டி எடுத்திருப்பாங்கன்னு டாக்டரே சொன்னாரு.”

லத்தீப் அன்றைக்கே விடுதலையானார். காசிம் வாசலில் காத்திருந்து அவரைக் கட்டிப்பிடித்தார். மைமுனா அந்த ஹரி ராயாச் சட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கோர்ட்டு வராந்தாவிலேயே லத்தீப் அதைப் போட்டுக்கொண்டார், தொளதொளவென்று இருந்தது. எல்லோருமாக எங்கள் ஆபீசுக்கு வந்தோம். துணிக்கடை முதலாளி மேலே காப்பி அனுப்பினார். லத்தீப் நாய்க்கதையை ஒரு வழியாக முழுக்கச் சொல்லி முடித்தார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது.

தம்பிகளே, நான் அன்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எதிராளி திடீரென்று பாதியைத் தட்டில் வைத்து நீட்டும்போது அவசரப்பட்டு வாங்காதீர்கள். மீதிப் பாதி யாருடையது என்று பாருங்கள். ஆனால் உள்ளே இருக்கிற மனிதனைக் கேட்காமல் அவன் சார்பில் வீரம் காட்டவும் வேண்டாம். காசிம் போகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், அதற்கு வெட்கப்பட்டிருக்கவும் மாட்டேன்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் அன்று நாங்களும் நினைத்தோம். காப்பி குடித்தாயிற்று, லாயர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூலையில் உட்கார்ந்திருந்த கருப்பன் எழுந்தான்.

“அய்யா, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளன்.”

“என்னை அடிச்சாருல்ல, அந்தக் கேஸை எப்பங்க கூப்பிடுவாங்க?”

நான் லாயரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேஸே இல்லை! படகில் கொண்டுவந்தவர்கள்மேல் வழக்கு இருந்தது, அப்பீல் இருந்தது, பிரெஞ்சு அரசாங்கம்வரை போனது. கையை ஒடித்தவர்மேல் ஒரு துண்டுத் தாள்கூட யாரும் எழுதவில்லை. நாங்களும் எழுதவில்லை. அவனுக்கு அது தெரியாது. வரிசையில் தன் பேரும் எங்கோ இருக்கிறது, ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்று கட்டுக் கையோடு காத்திருந்திருக்கிறான்.

லாயர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “பேப்பரை எடு,” என்றார் என்னிடம். “இருந்து எழுது. கருப்பன், நீ சொல்லு. முதலிலை இருந்து சொல்லு.”

அந்த வழக்கு லேசில் நடக்கவில்லை. மேனேஜருக்காக சிங்கப்பூரிலிருந்து பெரிய லாயர் வந்தார், தவணை மேல் தவணை வாங்கினார். இதற்கிடையில் கருப்பனுக்குத் தம்போய் என்ற ஊர்ப் பக்கம் ரோட்டு வேலை கிடைத்தது. ஒரு கையாலேயே மண் அள்ளினான். கடைசியில் மேனேஜருக்கு அபராதம்தான் விழுந்தது, சிறை இல்லை. அது போதாது என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தோட்டக் கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. அந்தச் சின்ன மஜிஸ்திரேட்டும் வேறு எங்கோ மாறிப்போனார்.

ஆனால் எனக்குத் தீர்ப்பு நாளைவிட முதல் நாள்தான் கண்ணில் நிற்கிறது. ஜொகூர் பாரு கோர்ட்டு வராந்தா. ஒரு பக்கம் மேனேஜர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் லாயரோடு. இன்னொரு பக்கம் பெஞ்சில் கருப்பன், பக்கத்தில் லத்தீபும் காசிமும் மைமுனாவும், கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். சேவகன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

“பிராது கொடுத்தவர் கருப்பன்!”

கருப்பன் திரும்பிப் பார்த்தான், அந்தப் பெயரில் வேறு யாரோ பெரியவர் வந்திருக்கிறார் போல.

“உன்னைத்தான் லா!” என்று மைமுனா முதுகில் ஒன்று வைத்தார்.

“வந்துட்டேங்க!” என்று கருப்பன் போட்ட சத்தத்தில் வராந்தா முழுக்கத் திரும்பியது. மேனேஜர் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. கருப்பன் அவருக்கு முன்னால் உள்ளே போனான்.